சதுரங்கத்தைப் பரிசளிக்கப் போகிறீர்களா? அழகை விட அளவே முக்கியம்

அமிர்தசரஸ்: பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில் கடைந்தெடுக்கப்படும் மரச் சதுரங்கக் காய்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. இத்தகைய காய்களைப் பரிசளிக்க விரும்புவோர், பெறுபவர் அவற்றைக் கொண்டு விளையாட இயலுமா என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரைப்படி ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர்; பலகையின் ஒவ்வொரு கட்டமும் 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். போட்டிகளில் பயன்படுவது 1849-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ‘ஸ்டான்டன்’ வடிவமாகும். போர்வீரர் உருவங்களாகச் செதுக்கிய காய்கள் அலமாரிக்கு அழகு சேர்க்கும். ஆனால் ராணி எது, மந்திரி எது எனப் புரியாமல் புதிதாகக் கற்பவர் தடுமாறுவர்.

அடியில் எடை பொதித்த காய்கள் எளிதில் சாயா. குதிரையின் தலை கையால் செதுக்கப்படுவதால், அதன் நேர்த்தியே தரத்தை உணர்த்தும்.