மிகைநேர ஊதியம்

வைகையின் வடகரையில், 1886ஆம் ஆண்டின் ஆல்பர்ட் விக்டர் பாலத்தை ஒட்டி அமைந்தது கோரிப்பாளையம். தர்காவையும் அரசு மருத்துவமனையையும் சூழ்ந்த அதன் தெருக்களில் உணவகங்களும் கடைகளும் நெடுநேரம் திறந்திருக்கும். இத்தகைய இடங்களில் தினக்கூலிக்கு உழைப்போர் பலர். பணி முடியும் வேளையில், “இன்னும் இரண்டு மணிநேரம் இருந்துவிட்டுப் போ” என்பது அவர்களுக்குப் பழகிய சொல். அவ்விரண்டு மணிநேரத்தின் மதிப்பு என்ன?

1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணிநேரமும் வாரத்திற்கு 48 மணிநேரமும் வேலை எல்லையாக வகுத்துள்ளது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் நாளில் 10, வாரத்தில் 54 மணிநேரத்தைக் கடத்தலாகாது. மிகைநேரத்திற்கு ஊதியம் இரு மடங்கு. நாட்கூலி 600 ரூபாய் எனில் ஒரு மணிநேரத்திற்கு 75 ரூபாய். மிகைநேரத்திற்கோ 150 ரூபாய். ஆகவே இரண்டு மணிநேரத்திற்கு உரியது 300 ரூபாய். கையில் 150 ரூபாயைத் தந்து, “கணக்குச் சரி” என்றால் பாதி மறைந்துவிடுகிறது.

‘நிரந்தரப் பணியாளருக்கே இவ்வுரிமை’ என்பது பரவலான, ஆனால் பிழையான எண்ணம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒப்பந்தக்காரர் வழியே வருவோரையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது. எந்த ஊதியத்தை இரட்டிப்பது என்பதிலும் வழக்கு எழுந்தது. குறைந்தபட்ச ஊதியத்தை அன்று, தொழிலாளி உண்மையில் பெறும் ஊதியத்தையே இரட்டிக்க வேண்டும் என 1972இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வுரிமைக்குச் சோதனை வந்தது. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு, தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலையை அனுமதித்து, மிகைநேரத்திற்கு ஒற்றை விகிதமே போதும் என அறிவித்தது. பொருளாதார நெருக்கடி, சட்டம் கூறும் பொது அவசரநிலை ஆகாது என்று கூறி, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. விடுபட்ட மிகைநேர ஊதியத்தை வழங்கவும் ஆணையிட்டது.

2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் இரு மடங்கைக் குறைக்கவில்லை. அதன்படி உரிமை கோர 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஊதியம் வழங்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே. எனினும் எத்தனை மணிநேரம் உழைத்தார் என்பதற்குச் சான்று வேண்டும். வருகைப் பதிவேட்டில் தினக்கூலியின் பெயரே இல்லாத கடைகளில், வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் நாள்தோறும் அவரே குறித்துவைக்கும் சிறு குறிப்பேடு அதற்குத் துணையாகும்.