காய்ச்சல் விட்டாச்சுன்னு வேலைக்குக் கிளம்பலாமா? டெங்குவில் கல்லீரலைக் கவனிக்க வேண்டிய நாள்கள்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காய்ச்சலுக்கு ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் ‘காய்ச்சல், உடம்புவலி’ என்று சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் லீவு விழுந்தால் சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடுமே!

சாதாரணக் காய்ச்சல் என்றால் இப்படி ஓட்டிவிடலாம். டெங்கு என்றால் கல்லீரல் அடி வாங்கும்.

டெங்கு என்றதும் எல்லோரும் கேட்பது, ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்றுதான். ஆனால், பெரும்பாலான டெங்கு நோயாளிகளுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம்களும் ஓரளவு உயர்கின்றன. அநேகம் பேருக்கு இரண்டு, மூன்று வாரங்களில் தானாக இறங்கிவிடும். 1,000-ஐத் தொட்டால் அது தீவிர டெங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண் மஞ்சளாவது குறைவு என்பதால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் இது வெளியே தெரியாது.

வைரஸ் நேரடியாகவே கல்லீரல் செல்களைத் தாக்கும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் குறையும். மூன்றாவது, நாமே விழுங்கும் மாத்திரைகள்.

பாராசிட்டமால் கெட்ட மருந்து அல்ல. டெங்கு காய்ச்சலுக்கு டாக்டர்கள் தருவதே அதைத்தான். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என வாங்கும்போது மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து. வாரக்கடைசி குவார்ட்டரும் சேர்ந்தால் கல்லீரல் என்னதான் செய்யும்?

இன்னொரு ஏமாற்று வேலையும் டெங்குவில் உண்டு. 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ‘சரியாப்போச்சு’ என்று கம்பெனிக்குக் கிளம்பும் அந்த நேரத்தில்தான் ஆபத்துக் கட்டமே தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், அசதி என எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று படுத்துவிடக் கூடாது.

2017-ல் தமிழ்நாட்டில் டெங்குவால் 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. லைன் வீட்டு வாசல்களில் மூடாமல் நிற்கும் தண்ணீர் டிரம் போதும், ஏடிஸ் கொசுவுக்கு. அது கடிப்பதும் பகலில்தான்.

சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா? தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்து, இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழும் இருந்தால், நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். முதல் 2 நாளுக்கு மட்டும் பொதுவாகக் கிடையாது. பல தொழிலாளர்களுக்கு இது தெரிவதே இல்லை.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போனபிறகு, காய்ச்சல்காரர் தனியாகப் படுத்திருப்பார். அளவுக்கு மீறிய தூக்கமும் குழப்பமான பேச்சும் கல்லீரல் செயலிழப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் வந்து எட்டிப்பார்த்து, பேச்சு கொடுத்துப் பாருங்கள். பதில் சரியாக வராவிட்டால், உடனே 108.