நிக்கர் வந்த வழி

ஓசூர்ச் சாலையை ஒட்டிய ஹெப்பகோடியில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தமிழ்த் தாய்மார் பலர் உளர். பகலெல்லாம் பிறருக்கு உடை தைக்கும் அவர்கள், பள்ளி திறக்குங்கால் தம் பிள்ளைக்கு நிக்கர் வாங்கக் கணக்குப் பார்க்கின்றனர். அந்த நிக்கர் வந்த வழியைச் சிறிது காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் ஆண் குழந்தைக்கும் நாலைந்து வயதுவரை கவுனே உடை. நம் வீடுகளில் மொட்டை அடிக்குமுன் ஆண் குழந்தைக்குப் பூ முடித்துப் பாவாடை கட்டிப் படம் எடுப்பதுண்டு. அங்கோ அது ஒருநாள் வேடிக்கையன்று, அன்றாட உடை. குழந்தை வளர வளர மடிப்பை அவிழ்த்துக் கவுனை நீளமாக்கலாம். முதன்முதல் கால்சராய் அணியும் நாள் வீட்டிற்கு ஒரு விழாவாகும்.

அடுத்து வந்தது ட்யூனிக் சூட். இடுப்புவரை பிடித்து, கீழே பாவாடைபோல் விரிந்த மேலங்கி, இடையில் பெல்ட், உள்ளே நீண்ட கால்சராய். கவுனுக்கும் கால்சராய்க்கும் இடைப்பட்ட உடை எனலாம்.

1846 செப்டம்பரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. விக்டோரியா அரசியாரின் மூத்த மகனான எட்வர்ட், நான்கு வயதுச் சிறுவன், அரச கப்பலில் மாலுமி உடையில் தோன்றினான். அதைத் தைத்தவர் கப்பல் தையற்காரரே. மாலுமிகள் ஆரவாரித்தனர், ஓவியர் விண்டர்ஹால்டர் அக்கோலத்தைத் தீட்டினார். உழைப்பாளியின் தளர்ந்த சட்டை இளவரசனுக்கும் உகந்ததாயிற்று; பின்னர்ப் பல நாடுகளிலும் சிறுவர் உடையாயிற்று.

1860-ஐ ஒட்டி, முழங்காலருகே சுருக்கிக் கட்டும் தளர்ந்த கால்சராய் பரவியது. அதன் பெயர் நிக்கர்பாக்கர். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1809-இல் தம் நூலுக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயரிலிருந்து வந்தது அது. அதன் குறுக்கமே நம் 'நிக்கர்'.

இளவரசன் மாலுமி உடை அணிந்த அதே மாதத்தில், அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் சிங்கரும் பெற்றார். ஆடவர் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி நேரத்திற்கு மேலும், பொறியால் தைக்க ஒன்றேகால் மணி நேரமும் ஆகுமென அக்காலத்தில் கணக்கிட்டனர். ஆயத்த ஆடை எளியவர் வீட்டையும் எட்டியது இதனாலேயே.

ஓடவும் வளரவும் இடங்கொடுப்பதே சிறுவர் உடையின் இலக்கணம். ஆகவே நிக்கர் வாங்குவோர் சாயத்தை மட்டும் பாராது, உட்புறம் திருப்பி, அடிமடிப்பு இரண்டு விரற்கடையேனும் உண்டா என நோக்குக. அந்த மடிப்பு அடுத்த ஆண்டிற்கும் உதவும். தையலறிந்த தாய்மாருக்கு இதை நாம் சொல்லவும் வேண்டுமோ?