ஊர்ச் செய்தியும் உயிர்க் காப்பும்

செய்தி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் தலைநகரங்களை நோக்கியே ஓடுகிறது. மந்திரிசபை மாற்றம், விலைவாசி, விளையாட்டுப் பந்தயம் ஆகியவற்றையே செய்தி என்று எண்ணப் பழகிவிட்டோம். ஆனால் ஒருவர் குடியிருக்கும் சிற்றூரில் இன்றிரவு எந்தப் பாலம் மூடப்படும், எந்த ஓடையில் நீர் ஏறுகிறது, நாளைக் காலையில் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பவையும் செய்திகளே. முன்னவை நம் அறிவை வளர்ப்பன. பின்னவை, சில வேளைகளில், உயிரையே காப்பன.

பிற மாநிலங்களில் வாழும் தமிழரிடம் ஒரு விந்தையைக் காணலாம். தஞ்சாவூரில் மழை பெய்ததா, மதுரையில் திருவிழா எப்படி நடந்தது என்பதை அவர்கள் அன்றன்றே அறிந்துவிடுகிறார்கள். தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆட்சியர் நேற்று விடுத்த அறிக்கையோ பலருக்கு எட்டுவதில்லை. அது வேறு மொழியில் வருகிறது. வேறு வழியில் வருகிறது. பிறந்த ஊரின் செய்தியில் பற்றுக் கொள்வது இயல்பே. ஆயினும் வெள்ளமும் மண்சரிவும் நாம் பிறந்த ஊரைத் தேடிப் போவதில்லை. நாம் இருக்கும் ஊருக்கே வருகின்றன.

இதற்குச் சான்றாகக் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாற்றை எடுத்துக்கொள்வோம். முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலின் அவ்வூர் மூணாறு எனப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்களே அங்குள்ள தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினர். அம்மலைக்கு மழையின் சீற்றம் புதிதன்று. 1924ஆம் ஆண்டு ஜூலையில் ஏற்பட்ட பெருவெள்ளம் அங்கு ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அழித்துவிட்டது. அதன் பிறகு அந்த ரயில் மீண்டும் ஓடவேயில்லை.

அம்மலைத்தொடரில் இராஜமலையை அடுத்துள்ளது பெட்டிமுடி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, ஏறத்தாழப் பத்தே முக்கால் மணிக்கு, மலைச்சரிவு பெயர்ந்து வந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. பல நாட்களாகப் பெய்த மழையில் அங்கு மின்சாரம் நின்றிருந்தது. கைப்பேசித் தொடர்பும் அற்றுப் போயிருந்தது. ஆகவே இரவில் நேர்ந்த அந்தத் துயரம் வெளியுலகிற்குத் தெரிந்தது மறுநாட் காலையிலேதான். உதவி கேட்கும் குரல் மலையிறங்க ஓர் இரவு முழுவதும் பிடித்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு இரு கேள்விகளை எழுப்புகிறது. அபாய அறிவிப்பு எவ்வழியே ஒரு வீட்டை வந்தடைகிறது? அவ்வழி அறுந்துபோனால் செய்ய வேண்டுவது யாது?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையையும் புயலையும் கணித்து மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்குத் தெரிவிக்கிறது. அங்கிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், அவர் வழியாகத் தாசில்தார், கிராம அலுவலர், பஞ்சாயத்து ஆகியோருக்கும் செய்தி செல்கிறது. மற்றொரு கிளையாக வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ்கள் ஆகியவற்றுக்கும், குறிப்பிட்ட பகுதியிலுள்ள கைப்பேசிகளுக்கும் அது சென்று சேர்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' என்னும் ஏற்பாடு, எந்த இடத்தில் அபாயமோ அந்த இடத்திலுள்ள கைப்பேசிகளுக்கே குறுஞ்செய்தி அனுப்ப வல்லது.

இவ்வறிவிப்புகள் நிறங்களால் குறிக்கப்படுகின்றன. பச்சை எனில் அச்சமில்லை. மஞ்சள் எனில் செய்திகளைக் கவனித்து வருக. ஆரஞ்சு எனில் ஆயத்தமாயிருக்க. சிவப்பு எனில் உடனே செயற்படுக. இருபத்து நான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.5க்கு மேற்பட்டது அதிகனமழை. இவ்வளவைப் பாமர முறையிலும் அறியலாம். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்தால், அதில் நிற்கும் நீரின் உயரமே பெய்த மழையின் அளவு. மூன்று நான்கு விரற்கடை நின்றால் கனமழை. ஒரு சாணை நெருங்கினால் அதிகனமழை. மலைச்சரிவில் குடியிருப்போர் அந்நிலை வரும்வரை காத்திருத்தல் தகாது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கேரளத்தில் அணைகளின் நீர்மட்டத்திற்கும் நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்கள் வகுத்திருக்கிறார்கள். மழையின் சிவப்பு வேறு. அணையின் சிவப்பு வேறு. வானம் வெளுத்திருக்கும் நாளிலும் அணைக்குச் சிவப்பு அறிவிப்பு வரலாம். அதன் பொருள், மதகு திறக்கப்படும் நிலை நெருங்கிவிட்டது, ஆற்றோரத்தில் இருப்போர் விலகுக என்பதாகும். ஆதலின் நிறத்தைக் கேட்டவுடன், 'எதற்கு இந்த நிறம்?' என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து வருவது மொழி. நமக்கு அண்டை மொழிகளின் சொற்கள் பழகியவை போலத் தோன்றும். அப்பழக்கமே சில வேளை நம்மை ஏமாற்றிவிடும். மலையாளத்தில் 'அவதி' என்றால் விடுமுறை. பள்ளிகளுக்கு அவதி என்று ஆட்சியர் அறிவித்தால், பள்ளிகளுக்கு ஏதோ துன்பம் நேர்ந்தது என்று தமிழர் கொள்ளலாகாது. 'துரிதம்' நமக்கு விரைவு, அவர்களுக்குத் துன்பம். 'துரிதாசுவாச' முகாம் என்பது துன்பம் தீர்க்கும் நிவாரண முகாம். 'மாற்றிப் பார்ப்பித்தல்' என்பதில் வரும் பார்த்தல் கண்ணால் காண்பதன்று, குடியிருத்தல். ஓரிடத்து மக்களை 'மாற்றிப் பார்ப்பிக்க' உத்தரவு வந்தால், அவர்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்பதே அதன் பொருள். 'உருள்பொட்டல்' என்பது மண்சரிவு. மகாராஷ்டிரத்தில் வாழ்வோர் மற்றொரு சொல்லை நினைவிற் கொள்க. இந்தியில் 'இஷாரா' என்றால் சைகை. மராத்தியில் அதுவே எச்சரிக்கை. கன்னடத்து 'எச்சரிகெ', தெலுங்கின் 'ஹெச்சரிக' ஆகியவை நம் எச்சரிக்கையின் உடன்பிறப்புகளே. இந்தியில் அதனைச் 'சேதாவனி' என்பர். எந்த மாநிலத்தில் இருப்பினும், அம்மாநில மொழியில் மழை, வெள்ளம், மண்சரிவு, புயல், வெளியேறுக, முகாம், விடுமுறை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களையேனும் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். பள்ளியில் அம்மொழியைக் கற்கும் குழந்தைகளே இதற்கு நல்லாசிரியர்கள்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். மின்சாரமும் கைப்பேசியும் நின்றபின் எஞ்சுபவை சிலவே. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி அவற்றுள் ஒன்று. அருகிலுள்ள கோபுரம் சாய்ந்தாலும் தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலி அதில் கேட்கும். மூணாற்றை அடுத்த தேவிகுளத்திலேயே ஆகாசவாணி நிலையம் ஒன்று உண்டு. வானொலியினும் முற்பட்டது அண்டை வீட்டாரின் குரல். இன்னார் இன்னாரை எழுப்புவது, முதியோரை இன்னார் அழைத்துச் செல்வது, எந்த வழியாக எந்தக் கட்டடத்திற்குப் போவது, கீழிறங்கிச் சென்று செய்தி சொல்பவர் யார் என்பவற்றை மழைக்காலத்திற்கு முன்பே ஒரு லயத்தார் அல்லது ஒரு தெருவார் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நிலமும் தன் மொழியில் அறிவிப்புத் தருவதுண்டு. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரங்களும் கம்பங்களும், திடீரெனக் கலங்கும் ஓடை, மழை வலுத்திருக்க நீர் மட்டும் குறைதல், மலையினுள் உறுமல் ஆகியவை மண்சரிவின் அடையாளங்கள். நீர் குறைந்துவிட்டது என்று மகிழ்தல் பிழை. மேலே மண் அடைத்திருக்கலாம். இவற்றைக் கண்டால் உத்தரவுக்குக் காத்திராமல் ஓடைப் பாதையை விட்டு விலகுவதே முறை. 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் நள்ளிரவு கடந்த பின்னரே. உறங்கும் நேரத்திற்கு முன் முடிவு செய்தல் வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கின்றன.

செய்தி இல்லாமை ஒரு தீங்கென்றால் பொய்ச் செய்தி மற்றொரு தீங்கு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டது என்னும் வதந்தி கைப்பேசிகள் வழியே பரவியது. அணை உடையவில்லை, மக்களின் அமைதிதான் உடைந்தது. எந்தச் செய்தியையும் நான்கு கேள்விகளால் சோதிக்கலாம். சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? எந்த இடத்திற்குச் சொன்னார்? என்ன செய்யச் சொன்னார்? இவற்றுள் 'எப்போது' என்பது மிக முக்கியம். வானிலைத் துறையின் உடனடி முன்னறிவிப்பு மூன்று மணி நேரத்திற்கே பொருந்தும். காலையில் வந்ததை மாலையில் பிறருக்கு அனுப்புவோர், நல்லெண்ணம் கொண்டவராயினும், தீங்கே செய்கின்றனர்.

ஐயம் நேரின் கேட்டுத் தெளிக. எந்த அவசரத்திற்கும் நாடெங்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம். பல மாநிலங்களில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெளியூரிலிருந்து உறவினர் அழைக்கும்போது அம்மாவட்டத்தின் தொலைபேசிக் குறியீட்டை முன்னே சேர்த்தல் வேண்டும். இல்லையேல் அழைப்பு அவர்களுடைய சொந்த மாவட்டத்திற்கே போய்ச் சேரும். இக்குறியீட்டை ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு இன்றே எழுதி அனுப்புதல் நன்று.

இவையெல்லாம் பயன் தருமா என்று ஐயுறுவோர் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அக்கடற்கரையைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், 'பைலின்' என்னும் கடும் புயல் கோபால்பூர் என்ற சிற்றூரின் அருகே கரை கடந்தது. அதற்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குப் பெயர்ந்திருந்தனர். உயிரிழந்தோர் தொகை சில பத்துகளில் அடங்கிற்று. காற்றின் சீற்றத்தை எவரும் தணிக்கவில்லை. செய்தி கடைசி வீடு வரை சென்றது, சென்ற செய்தியை மக்கள் நம்பினர், நம்பியதைச் செய்தனர்.

அந்தக் கடைசி வீடு தமிழர் வீடாகவும் இருக்கலாம். செய்தியை அங்குக் கொண்டு சேர்ப்பது அரசாங்கத்தின் கடமை. வந்த செய்தியைப் புரிந்துகொள்வதும், புரியாத அண்டை வீட்டாருக்கு எடுத்துரைப்பதும் நம் கடமை. மழைக்காலம் தொடங்குமுன் நாம் வாழும் ஊரின் எண்களையும், நிறங்களையும், சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டி வைப்போமாக.