'நைட்மேர்' என்னும் சொல்

ஆங்கிலச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் சொற்களுள் ஒன்று 'நைட்மேர்'. 'நைட்' என்றால் இரவு. 'மேர்' என்பது பெண் குதிரையையும் குறிக்குமாதலால், மாணவர் சிலர் இதனை 'இரவுக் குதிரை' எனக் கருதுவதுண்டு. குதிரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. உறங்குவோரின் மார்பின்மேல் ஏறி அமர்ந்து மூச்சை அடைக்கும் ஆவிக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே இந்த 'மேர்'. நம்மவர் 'அமுக்குவான் பேய்' என்பதும், மலாய்க்காரர் 'கெனா திண்டிஹ்' என்பதும் இதே அனுபவத்தைத்தான். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும், மார்பில் சுமை அழுத்துவது போன்ற இரவு நோய் என்றே இதற்குப் பொருள் கூறிற்று.

பேய் எதுவும் அமுக்குவதில்லை. கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றுத் தளர்ந்திருக்கும். அந்நிலையில் அறிவு மட்டும் விழித்துக்கொண்டால் கையை அசைக்க இயலாது. கூவவும் குரல் எழாது. சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அது தானே நீங்கிவிடும். உறக்கக் குறைவு இதற்கொரு முக்கிய காரணமாகும். இருள் பிரியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் செல்வோர் இரவில் நெடுநேரம் கண்விழித்தால் இது நேர வாய்ப்புண்டு. மந்திரிப்பவருக்குப் பணம் கொடுக்குமுன், உறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

இன்று இச்சொல்லுக்கு அச்சந்தரும் கனவு என்பதே பொருள். வெள்ளத்தில் வீடிழந்தவர் தம் துயரை 'நைட்மேர்' என்பார். சாலை நெரிசலில் சிக்கியவரும் அவ்வாறே கூறுவார். பின்னது சற்று மிகைதான்! தமிழில் நாம் கனவு 'காண்கிறோம்'. ஆங்கிலத்திலோ 'ஐ ஹேட் எ நைட்மேர்' என்பதே வழக்கு. அவ்விடத்தில் 'சா' என்று கூறுதல் பொருந்தாது.