இரைச்சலுக்குள் ஒரு தாளம்

டீ வருவதற்குள் ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரக் கடையில் போனை மேசைமேல் வைத்துப் போட்டேன். ஸ்லிண்ட் என்ற அமெரிக்கக் குழுவின் ‘நாஸ்ஃபெராட்டு மேன்’, 1991இல் வெளிவந்தது. கிட்டார் கீச்சிட்டதும் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எதிரே இருந்தவர் சுற்றுவட்டாரக் கூத்துகளுக்கு மத்தளம் வாசிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் விரலால் தட்டினார். “அஞ்சு போடறான் தம்பி. தக தகிட, தக தகிட... இரு, மாத்திட்டான்” என்றார். பாட்டில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. தாளம் பிடிபட்டுவிட்டது.

இந்த வகை இசைக்குள் நுழைய வாசல் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாடகரின் குரலைத் தேடிப் போகிறவர்கள் திண்ணையோடு திரும்பிவிடுகிறார்கள். டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளே போய்விடுகிறார்கள்.

தொண்ணூறுகளில் சிகாகோ, லூயிவில், பிட்ஸ்பர்க், மினியாபொலிஸ் போன்ற ஊர்களில், பெரிய கம்பெனிகளின் கண்ணுக்கு எட்டாத சின்ன அரங்குகளில் இது வளர்ந்தது. எண்ணிக்கைச் சிக்கல் மிகுந்ததை மேத் ராக் என்றும், இரைச்சலும் முரட்டுத்தனமும் மிகுந்ததை நாய்ஸ் ராக் என்றும் விமர்சகர்கள் அழைத்தார்கள். குழுக்களில் பலருக்கு இந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே வேலியும் கிடையாது. ஒரே பாட்டில் இரண்டும் இருக்கும்.

முதலில் எண்ணிக்கை. ராக் பாட்டு பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். நம் சினிமாப் பாட்டும் அப்படித்தான். காலால் தட்டிக்கொண்டே கேட்கலாம். மேத் ராக் குழுக்கள் ஐந்திலும் ஏழிலும் ஒன்பதிலும் நடந்தன. அமெரிக்க இளைஞருக்கு இது தலைசுற்றல். நமக்கு ஐந்து என்பது கண்ட சாபு, ஏழு மிஸ்ர சாபு. தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகச் சொல்லிப் பார்த்தால் ஏழு முடிந்துவிடும். மிருதங்க வகுப்பில் சிறு பிள்ளைகள் கையில் போடுகிற கணக்கு.

அப்படியானால் நமக்கு இது எளிதா? பாதிதான். கச்சேரியில் தாளம் மாறாமல் சுற்றி வருகிறது. பாடகர் கையில் போடுகிறார், சபையும் போடுகிறது. மிருதங்கம் எவ்வளவு தூரம் சுற்றிப் போனாலும் கோர்வையை முடித்துக்கொண்டு உரிய இடத்தில் வந்து இறங்கும். அந்த இறக்கத்துக்குத்தான் கைதட்டல். மேத் ராக்கில் கையில் தாளம் போட ஆளில்லை. ஆவர்த்தனத்தின் நீளமே போகப் போக மாறும். ஏழு, ஏழு, ஏழு என்று வந்து நான்காம் சுற்றில் ஆறு வரலாம். ஒரு கிட்டார் ஐந்திலும் டிரம்ஸ் நான்கிலும் போனால், இருபது அடி முடிந்த பிறகுதான் இருவரும் ஒன்றாகத் தலைநிமிர்வார்கள். அந்த இருபதை யாரும் அறிவிக்க மாட்டார்கள். நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த கணத்தில் வரும் மகிழ்ச்சிக்காகத்தான் நான் இத்தனை வருடமாக இதைக் கேட்கிறேன்.

இதை முழுக் கச்சேரியாகக் கேட்க வேண்டுமென்றால் பிட்ஸ்பர்க்கின் டான் கபாலெரோ. 1991இல் தொடங்கிய குழு, பாடகரே கிடையாது. 1993இல் ‘ஃபார் ரெஸ்பெக்ட்’, 1998இல் ‘வாட் பர்ன்ஸ் நெவர் ரிட்டர்ன்ஸ்’. டிரம்மர் டேமன் சே பின்னால் உட்கார்ந்து தாளம் காப்பவர் அல்லர். கிட்டார்கள் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அவர்தான் முன்னால் ஓடுகிறார். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அவரிடம் கேட்க நிறைய உண்டு.

இனி இரைச்சல். கிட்டார் கம்பியின் அதிர்வு மின் அலையாகி ஆம்ப்ளிஃபையருக்குள் போகிறது. ஆம்ப்ளிஃபையருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதையும் தாண்டித் தள்ளினால் அலையின் மேல் முனையும் கீழ் முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். வெட்டுப்பட்ட அலையில், மீட்டிய சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் பல முளைக்கும். கரகரப்பு என்று நாம் கேட்பது அவற்றைத்தான். ஆடி மாதத்தில் மைக்செட்காரர் சவுண்டைக் கூட்டும்போது கூம்பு ஸ்பீக்கர் அலறுவதும் இதே காரணத்தால். இதன்மேல், ஷட்ஜமும் சுத்த ரிஷபமும் போல ஒட்டி நிற்கும் இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அலைகள் ஒன்றோடொன்று மோதி நடுங்கும். நாய்ஸ் ராக் கிட்டார்காரர்கள் அந்த நடுக்கத்தை வேண்டுமென்றே வரவழைத்தார்கள்.

சிகாகோவின் ஷெல்லாக் குழுவில் ஸ்டீவ் அல்பினி, அலுமினியக் கழுத்து வைத்த கிட்டாரை உலோகத் தகட்டால் மீட்டினார். அந்த ஒலியில் சதை இல்லை, எலும்பு மட்டும்தான். 1994இல் வந்த ‘அட் ஆக்‌ஷன் பார்க்’ கேளுங்கள். ஜீசஸ் லிஸர்ட் இன்னும் முரடு. 1991இன் ‘கோட்’ ஆல்பத்தில் டேவிட் யோவின் குரல் கருவிகளுக்குக் கீழே புதைந்து கிடக்கும். பாடுகிறாரா, புலம்புகிறாரா என்று தெரியாது. ஆனால் அடியில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மயிரிழை பிசகாமல் நடக்கும். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் மேலே இருக்கும் வெறி வெறும் கூச்சலாகியிருக்கும்.

இதை நம்மூரில் புதிதாகச் சொல்லவே வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்தில் மேடையின் பின்பெஞ்சில் மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் உட்கார்ந்திருக்கும். முகவீணை நாகசுரத்தைவிடச் சிறியது, சுருதி மிக உயரம், துளைத்துக்கொண்டு போகும். இரவு முழுக்க, திறந்தவெளியில், கடைசி வரிசையில் தூங்கி விழுகிறவர் வரைக்கும் எட்ட வேண்டிய ஒலி அது. நகரத்துக் காதுகள் பல காலம் கூத்தை வெறும் கத்தல் என்று ஒதுக்கின. கூத்துக் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள், பி. ராஜகோபால் அதன் முன்னோடிகளில் ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ஸ்லிண்ட் பையன்கள் சிகாகோ ஸ்டூடியோ ஒன்றில் நான்கே நாளில் ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்ட காது இன்னொன்றுக்குப் பயப்படாது.

அல்பினியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993இல் நிர்வானா குழுவின் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைப் பதிவுசெய்தவர் அவர். விற்பனையில் பங்கு வாங்க மறுத்துவிட்டார். குழாய் ரிப்பேர் செய்பவருக்குத் தருவதுபோல வேலைக்குக் கூலி தந்தால் போதும் என்று குழுவுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ‘தி பாஃப்ளர்’ இதழில் ஒரு கற்பனைக் குழுவின் வரவு செலவை வரிவரியாக எழுதிக் காட்டினார். கம்பெனி 2,50,000 டாலர் முன்பணம் தருகிறது. வழக்கறிஞர், மேனேஜர், வீடியோ, பயணம் எல்லாம் கழித்துக் கடைசியில் கம்பெனிக்கு 7,10,000 டாலர், வாசித்தவர்களுக்கு ஆளுக்குச் சுமார் 4,000. இந்த இசை ஏன் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே வளர்ந்தது என்று கேட்டால் அந்தப் பட்டியலைத்தான் நான் காட்டுவேன். இந்தக் குழுக்களில் பலவற்றை வெளியிட்ட சிகாகோவின் டச் அண்ட் கோ, செலவு போக மிஞ்சியதில் சரிபாதியைக் குழுவுக்கே கொடுத்தது. பெரும்பாலும் பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான்.

ஒழுங்காகக் கணக்குக் காட்டுவதன் அருமை உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தெரியும். சோழ மன்னன் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில், முன்பு ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் இடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்று வெட்டி வைத்த ஊர் இது.

அல்பினி 1997இல் சிகாகோவில் எலெக்ட்ரிகல் ஆடியோ என்ற ஸ்டூடியோவைத் திறந்தார். சுவர்களுக்கு நியூ மெக்ஸிகோவிலிருந்து சுடாத மண் செங்கல் வரவழைத்தார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டுமல்லாமல் தள்ளியும் மைக் வைத்து, அறையின் காற்றையும் சேர்த்துப் பதிவுசெய்வது அவர் வழக்கம். அவர் பதிவுகளில் டிரம்ஸ் நமக்கு எதிரே இருப்பதுபோல ஒலிப்பது அதனால்தான். 2024 மே 7 அன்று, 61 வயதில், மாரடைப்பில் இறந்தார். ஷெல்லாக்கின் கடைசி ஆல்பம் பத்து நாள் கழித்து வந்தது.

எதில் தொடங்குவது? ‘ஸ்பைடர்லேண்டில்’ தொடங்குங்கள். அட்டையில் நான்கு பையன்கள் கல்குவாரித் தண்ணீரில் கழுத்தளவு மூழ்கியிருப்பார்கள். நம் பக்கத்துக் குவாரிக் குட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அது உடனே பழகிய படமாகிவிடும். படம் எடுத்தது இண்டியானாவில். ஆல்பம் கடைக்கு வருமுன்பே குழு கலைந்துவிட்டது. அப்போது வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆறே பாட்டு. பாடகர் பெரும்பாலும் பேசத்தான் செய்கிறார், அதுவும் தாழ்ந்த குரலில். முதல் தடவை பேச்சை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் எண்ணுங்கள், விரல்விட்டு எண்ணினாலும் சரி. இரண்டாம் தடவை கிட்டாரை எண்ணுங்கள். இரண்டும் சேருகிற இடம் தட்டுப்பட்ட பிறகு டான் கபாலெரோவுக்குப் போகலாம். ஜீசஸ் லிஸர்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சத்தமாகவே.