சர்வீஸ் விட்டு எடுத்த பைக்கில் பிரேக் பிடிக்கலைன்னா யார் பொறுப்பு?

பைக்கை சர்வீஸ் முடிஞ்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பி 100 மீட்டர்கூடப் போகலை. எதிரே சிவப்பு சிக்னல். முன் பிரேக்கைப் பிடிச்சேன். லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாம ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுச்சு, வண்டி நிற்கலை. மெதுவா வந்ததாலயும், பின் பிரேக் பிடிச்சதாலயும் தப்பிச்சேன்.

திரும்பிப் போய்க் கேட்டதும், மெக்கானிக் அண்ணா லீவரை நாலஞ்சு தடவை அழுத்தினார். “புது பேட் தம்பி, இப்ப செட் ஆயிடுச்சு” என்றார். உண்மைதான், பிரேக் சரியாகிவிட்டது. ஆனால், அந்த நாலஞ்சு அழுத்தலை வண்டியை என் கையில் கொடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகுது?

டிஸ்க் பிரேக்கில் தேய்ஞ்ச பேடைவிட புது பேட் தடிமன் அதிகம். அதை மாட்டுவதற்காக, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள். லீவரைப் பலமுறை அழுத்தினால்தான் பிஸ்டன் முன்னால் வந்து, பேட் டிஸ்க்கைத் தொடும். அதுவரை லீவர் காலியாகத்தான் இருக்கும். அரை நிமிஷ வேலைதான். மறந்தால் உயிருக்கே ஆபத்து.

நல்ல மெக்கானிக் ஷாப்பை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

• டார்க் ரெஞ்ச்: வீல் ஆக்ஸில் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சர்வீஸ் மேனுவலில் அளவு இருக்கும். ‘கை அளவு’ போதாது.
• பிரேக் ஆயில்: காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும், சூட்டில் பிரேக் பலவீனமாகும். அதனால் பொதுவாக 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மூடியில் டாட் 3, டாட் 4 எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். நாள்கணக்கில் திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம்.
• செயின் லூப்: டயர், டிஸ்க் மேல் தெறிக்கக் கூடாது.
• பழைய பாகம்: கழற்றியதைக் கேட்காமலே காட்டுவார்கள்.
• டெஸ்ட் ரைடு: ஓட்டிப் பார்க்காமல் சாவியைத் தர மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாக வேலை செய்வது ‘சேவைக் குறைபாடு’. அதோடு, ஒரு பொருளுக்கு சர்வீஸ் செய்பவரின் தவறான வேலையாலோ கவனக்குறைவாலோ பாதிப்பு வந்தால் இழப்பீடு கேட்கவும் பிரிவு 85 வழி செய்கிறது. தர வேண்டிய எச்சரிக்கையைத் தராமல் விடுவதும் இதில் அடக்கம். பெரிய ஷோரூம், தெருமுனைக் கடை என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீர்வு இல்லையென்றால், 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

ஆனால் ஆதாரம் வேணும். யுபிஐ ரசீது காசு கொடுத்ததை மட்டும்தான் காட்டும், என்ன வேலை நடந்தது என்று சொல்லாது. அதனால் பில்லிலோ ஜாப் கார்டிலோ மாற்றிய பாகங்களை எழுதி வாங்குங்கள். பில்புக் இல்லாத கடையா? வாட்ஸ்அப்பில் நாலு வரி மெசேஜாவது கேளுங்கள்.

நம்ம பக்கத் தப்பு?

இருக்கு. “பேட் தேய்ஞ்சிருக்கு, மாத்திடலாமா?” என்று அவர் கேட்கும்போது, “அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணா” என்று சொல்வது நாம்தான். நூறு ரூபாய் குறைவு என்று போலி பேட் போடச் சொல்வதும் நாம்தான். அப்படி நாம் மறுத்ததையும் மெக்கானிக் எழுதி வைப்பது அவருக்கு நல்லது. பின்னால் பிரச்சினை வந்தால், எச்சரித்ததற்கு அதுதான் சாட்சி.

அடுத்த முறை சாவி கைக்கு வந்ததும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. கடை வாசலிலேயே வண்டியைத் தள்ளி, முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாப் பிடிச்சுப் பாருங்க. சரியா நின்னா, அப்புறம் கிளம்புங்க.